கல்லும் சந்தும் கூறும் கல்கத்தா

ஒரு மாநகரத்தில் வாழ்வது வேறு. அம்மாநகரத்தை அறிந்து வாழ்வது வேறு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு இங்கு வந்த நம்மவருள் பெரும்பாலோர்க்குக் கல்கத்தா என்பது மூன்று இடங்களின் பெயரேயாகும். ஒன்று, பணிபுரியும் அலுவலகம். மற்றொன்று, முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கும் லேக் மார்க்கெட். பிறிதொன்று, ஊருக்கு வண்டியேறும் ஹௌரா நிலையம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகோயில், தக்ஷிணேசுவரம், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம், பொருட்காட்சிசாலை ஆகிய ஐந்தையும் இரண்டு நாட்களில் சுற்றிக் காட்டி, ஒரு சட்டி ரசகுல்லாவுடன் வழியனுப்பி வைக்கின்றோம். முப்பது ஆண்டு இந்நகரின் சோற்றை உண்டவர்களும் இதனை யார் கட்டினார்கள், எவ்வாறு கட்டினார்கள் என்று பிள்ளைகள் வினவினால் விடை கூற இயலாதவராகவே இருக்கின்றோம்.

அவ்விடையைத் தேடுதற்குப் பெரிய நூலகங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. லால் பஜாருக்கும் ஹூக்ளி ஆற்றுக்கும் இடையேயுள்ள சந்துகளில் ஒரு காலைப்பொழுது நடந்தால் போதும். சென்ற குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில், நம் குடியிருப்பைச் சேர்ந்த பெரியோரும் சிறுவருமாகப் பதின்மூவர், வங்கப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு அவ்வாறு நடந்தோம். அந்நடையில் கண்டவற்றையும், அவற்றின் வரலாற்றையும், அவை நமக்கு உணர்த்தும் செய்தியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்பதே இந்நகரின் முறையான பெயர் எனினும், நம் இல்லங்களில் வழங்கிவரும் கல்கத்தா என்னும் பெயரையே ஈண்டுக் கையாள்கின்றேன்.

மூன்று சிற்றூர்களும் ஒரு நகரமும்

சூதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் மூன்று சிற்றூர்கள் ஹூக்ளியின் கீழ்க்கரையில் அமைந்திருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவரான ஜாப் சார்னாக் 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் சூதானுட்டியில் வந்திறங்கினார். 1698-இல் கம்பெனியார் இம்மூன்று ஊர்களின் ஜமீன் உரிமையைச் சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்து 1,300 ரூபாய்க்குப் பெற்றனர். இன்று அத்தொகைக்கு அம்மூன்று ஊர்களுள் ஒரு சாண் நிலமும் கிட்டாது.

நெடுங்காலம் சார்னாக்கே இந்நகரின் ஸ்தாபகர் என்றும், ஆகஸ்டு 24-ஆம் நாளே இதன் பிறந்தநாள் என்றும் பாடநூல்கள் கூறிவந்தன. 2003-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் இதனை ஏற்க மறுத்தது. அவர் வருமுன்னரே இங்கு ஊர்களும் சந்தைகளும் இருந்தமையால், இந்நகருக்குத் தனியொரு ஸ்தாபகரும் இல்லை, பிறந்தநாளும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஒருவர் கட்டிய நகரம் அன்று, பலர் கூடிக் கட்டிய நகரம் என்பதை நீதிமன்றமே உறுதி செய்ததாகக் கொள்ளலாம்.

அப்பலர் யார் என்பதே நம் நடையின் பொருள். கோட்டையைச் சூழ்ந்தும் அதன் தெற்கிலும் ஆங்கிலேயர் வாழ்ந்த பகுதி வெள்ளை நகரம் எனப்பட்டது. வடக்கே வங்கச் செல்வரும் தொழிலாளரும் வாழ்ந்த பகுதி கறுப்பு நகரம் எனப்பட்டது. இவ்விரண்டிற்கும் நடுவே, ஆள்வோரும் அல்லாத, மண்ணின் மைந்தரும் அல்லாத ஒரு கூட்டம் குடியேறியது. ஆர்மீனியர், போர்த்துகீசியர், பாக்தாத்து யூதர், சீனர், பார்சியர், கச்சு நாட்டு மேமன்கள் எனப் பல திறத்தார் அதில் இருந்தனர். வரலாற்று ஆசிரியர் சிலர் இப்பகுதியைச் சாம்பல் நகரம் என்று அழைப்பர். நம்மைப் போலவே தொலைதூரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்கள் என்பதால், நாம் முதற்கண் அறிய வேண்டுவது இச்சாம்பல் நகரத்தையே.

வழிகாட்டி ஏன்?

வரைபடம் ஒன்று கையில் இருக்கையில் வழிகாட்டி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இந்நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரு பெயர்கள் உண்டு. பௌ பஜார் தெரு பிபின் பிஹாரி கங்கூலி தெருவாயிற்று. கானிங் தெரு விப்லவி ராஷ் பிஹாரி போஸ் சாலையாயிற்று. சித்பூர் சாலை ரவீந்திர சரணியாயிற்று. டல்ஹௌசி சதுக்கம், 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் எழுத்தர் மாளிகையுள் புகுந்து போராடிய பினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று இளைஞர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வரைபடத்தில் புதுப் பெயர் இருக்கும். கடைக்காரன் வாயில் பழைய பெயர் இருக்கும். இரண்டையும் அறிந்தவர் ஒருவர் உடன்வந்தால்தான் சந்துகள் வாய் திறக்கும்.

எம் வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், எழுபதைக் கடந்தவர். வங்க வழக்கப்படி நாங்கள் அவரை மாஸ்டர் மொஷாய் என்றே விளித்தோம். அவர் எங்களுக்கு இரண்டு விதிகளை வகுத்தார். கடையின் பெயர்ப்பலகையைப் பாராமல் அதற்கு மேலுள்ள மாடியைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. எந்த வாயிலிலும் காவலரை வணங்கி, அவர் இசைவு பெற்றே உட்புக வேண்டும் என்பது மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தவரும் அவரே. வணிகம் மிகுந்த இத்தெருக்களில் மற்ற நாட்களில் கைவண்டிக்கும் மூட்டைக்கும் இடையே தலைநிமிர்ந்து பார்த்தல் அரிது.

சீனர் காலையுணவும் காலியான வீடுகளும்

விடியற்காலை ஆறு மணிக்குத் திரெட்டா பஜாரில் எம் நடை தொடங்கிற்று. வெனிஸ் நகரத்தவராய் இங்கு வந்து, தெருக்களையும் கட்டிடங்களையும் மேற்பார்வையிடும் பதவியிலிருந்த எட்வர்டு திரெட்டா என்பவரின் பெயரால் அமைந்தது இச்சந்தை. பின்னர் இதுவே கல்கத்தாவின் பழைய சீனர் பகுதியாயிற்று. பொத்தார் கோர்ட் கட்டிடத்தின் அருகே, காலை வேளையில் சீனக் குடும்பத்தார் சிலர் மூங்கில் தட்டுகளில் ஆவிபறக்கும் பண்டங்களை வைத்து விற்கின்றனர். நம் கொழுக்கட்டையைப் போன்றே மாவினுள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தவை அவை. பூரணம் பெரும்பாலும் புலால் ஆதலின், எம்முள் பலர் கண்ணால் மட்டும் சுவைத்தனர். எட்டு மணிக்குள் கடைகள் கலைந்துவிடும்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் இங்கு வந்த அச்சி என்னும் சீனரே கல்கத்தாச் சீனரின் முன்னோடியாகக் கருதப்படுகின்றார். பட்ஜ் பட்ஜை அடுத்து அவர் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அவ்வூர் அச்சிபூர் என வழங்குகின்றது. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கல்கத்தாச் சீனர் அங்குள்ள அவர் சமாதிக்கு இன்றும் செல்கின்றனர். சர்க்கரையை வங்காளியர் சினி என்பர், நாம் சீனி என்போம். இரண்டும் சீன நாட்டின் பெயரோடு தொடர்புடையன என்பது அறிஞர் கருத்து.

அடுத்த சந்தில் 1905-ஆம் ஆண்டில் தோன்றிய ஸீ இப் கோயிலைக் கண்டோம். கல்கத்தாவில் சீனர் கோயிலைச் சர்ச்சு என்றே அழைப்பது விந்தையான வழக்கு. சிவப்பு வண்ணமும் பொன்னெழுத்தும் ஊதுவத்திப் புகையும் நிறைந்த அவ்விடத்தில் எங்களையன்றி வேறு எவரும் இல்லை. 1962-ஆம் ஆண்டின் போரின்போது, அஸ்ஸாமிலிருந்தும் வடவங்கத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சீன வழியினர் சுமார் 3,000 பேர் இரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவருள் பலர் இந்நாட்டிலேயே பிறந்தவர். அதன் பின்னர் குடும்பம் குடும்பமாக அவர்கள் கானடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்தாலும், அண்டை அயலார் தம்மை அறியாதிருந்தால், ஒரு சமூகம் ஒரே நாளில் அந்நியமாக்கப்படும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

இராமன் இருந்த இடம்

அங்கிருந்து சற்றே விலகிப் பௌ பஜார் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தோம். வழியில் பௌ பாரக்ஸ் என்னும் செங்கற் கட்டிட வரிசையைக் கண்டோம். முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்க்கெனக் கட்டப்பட்டு, பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறிய இடம் இது. இரயில் எஞ்சின்களை ஓட்டியும், கார்டுகளாகவும் தந்தியாளர்களாகவும் பணிபுரிந்தும் இந்திய இரயில்வேயை வளர்த்த சமூகம் அது. அவருள்ளும் மிகப் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்டனர். எஞ்சியோர் கொண்டாடும் கிறிஸ்துமசுக்கு நகரமே திரண்டு வருகின்றது.

பௌ பஜார் தெருவில் 210-ஆம் எண்ணை அடைந்ததும் மாஸ்டர் மொஷாய் நின்றார். இது உங்களுக்குரிய இடம் என்று எம்மை நோக்கிக் கூறினார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்த இடம் அதுவே. திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1907-ஆம் ஆண்டில் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். டிராமில் செல்கையில் இக்கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணிற்படவே இறங்கிச் சென்று கதவைத் தட்டினார் என்பது அறிந்த செய்தி. அதன்பின் பத்தாண்டுக் காலம், அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரமெல்லாம் இங்கேயே ஆராய்ச்சி செய்தார். 1917-இல் அரசுப் பணியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் உலகுக்குத் தெரிந்த அவ்வொளிச் சிதறல் இங்கேதான் கண்டறியப்பட்டது. 1930-இல் நோபெல் பரிசும் கிடைத்தது.

ஆயின் நாங்கள் கண்டதோ வேறு. கழகம் ஜாதவ்பூருக்குச் சென்றுவிட்டது. பழைய கட்டிடம் இன்று இல்லை. அவ்விடத்தில் ஒரு வணிகக் கல்லூரி நிற்கின்றது. இந்நகரில் தமிழன் ஒருவன் படைத்த மிகப் பெரிய சாதனையின் இருப்பிடம் ஒரு கதவிலக்கமாக மட்டுமே எஞ்சியுள்ளது. மேசையடியில் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகத்தையே நாடி வந்த நம் சமூகத்தில், அக்கணக்கையும் முடித்துவிட்டு எஞ்சிய நேரத்தில் உலகை வியக்கவைத்தவர் அவர். அலுவலகம் முடிந்து நேரே வீட்டுக்கு வரும் எம்போன்ற எழுத்தர் அனைவரும் ஒருமுறையேனும் சென்று நிற்க வேண்டிய வாயில் அது.

அயலார் காக்கும் ஆலயம்

மீண்டும் மேற்கே திரும்பி, லால் பஜாரைக் கடந்து பிராபோர்ன் சாலையை அடைந்தோம். கானிங் தெரு சந்திக்கும் இடத்தில் ஓங்கிய கோபுரத்துடன் செங்கற்கட்டிடம் ஒன்று காணப்படுகின்றது. கிறிஸ்தவ தேவாலயம் என்றே எவரும் எண்ணுவர். அது மாகேன் டேவிட் என்னும் யூதர் தொழுகைக்கூடம். எலியாஸ் டேவிட் எஸ்ரா, தம் தந்தையார் டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக 1884-ஆம் ஆண்டில் இதனைக் கட்டினார். பக்கத்திலேயே நெவே ஷாலோம் என்னும் மற்றொரு கூடமும் உள்ளது. அண்மையிலுள்ள எஸ்ரா தெரு, விளக்கும் மின்கருவியும் விற்கும் வணிகர் நிறைந்த தெரு, இக்குடும்பத்தின் பெயரையே தாங்கியது.

அலெப்போ நகரைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் 1798-இல் இங்கு குடியேறினார். அவரைத் தொடர்ந்து பாக்தாத்திலிருந்து பலர் வந்தனர். அவுரியும் பட்டும் அபினியும் விற்றுப் பெருஞ்செல்வராயினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சில ஆயிரவராக இருந்த அச்சமூகம், 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா எனச் சிதறிற்று. இன்று விரல்விட்டு எண்ணத்தக்க முதியோரே எஞ்சியுள்ளனர். பத்து ஆடவர் கூடினாலன்றிக் கூட்டு வழிபாடு நடத்தலாகாது என்பது அவர்தம் மரபு. அப்பதின்மரும் இப்பொழுது இல்லை.

ஆயினும் கூடம் துலங்குகின்றது. கறுப்பும் வெள்ளையுமான சலவைக்கல் தளம் முகம் பார்க்கலாம் போல் இருந்தது; வண்ணக் கண்ணாடிகளின் ஊடே காலை வெயில் அத்தளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஆண்களுக்குத் தலையில் அணியக் குல்லாய் எடுத்துத் தந்து, எங்களை அமைதியாக உள்ளே அழைத்துச் சென்றவர் ஒரிசாவைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர். தலைமுறையாக அவர்களே இதனைக் காத்து வருகின்றனர். 1881-இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியும் இன்று பார்க் தெருவில் நடைபெறுகின்றது. அதில் பயிலும் மாணவியருள் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர். உலகின் பிற பகுதிகளில் இவ்விரு சமயத்தாரிடையே நிகழ்வனவற்றை நாளிதழில் படிக்கும் நமக்கு, கானிங் தெருவின் இக்காட்சி எளிதில் மறக்கற்பாலதன்று.

எம்முடன் வந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்பொழுது தன் தந்தையை ஒன்று கேட்டாள். நாமும் இவ்வூரைவிட்டுப் போய்விட்டால் நம்முடையவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அக்கேள்வி. தந்தையார் விடை கூறவில்லை; நாங்களும் கூறவில்லை. அக்கேள்வியைச் சுமந்துகொண்டே அடுத்த தெருவுக்கு நடந்தோம்.

சாவியும் சன்னலும் தந்தவர்கள்

அடுத்து, முர்கிஹட்டா எனப்படும் பகுதியிலுள்ள போர்த்துகீசியர் தேவாலயத்தைக் கண்டோம். முர்கிஹட்டா என்றால் கோழிச்சந்தை. 1797-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1799-இல் அர்ப்பணிக்கப்பட்ட இப்பேராலயம், ஜெபமாலை அன்னையின் பெயரால் அமைந்தது. பாரெட்டோ சகோதரர்கள் இதற்குப் பெரும்பொருள் ஈந்தனர். போர்த்துகீசியர் என்னும் இனம் இந்நகரில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் மொழியோ நாள்தோறும் நம் வாயில் உலவுகின்றது. நாம் சாவி என்பதை வங்காளியர் சாபி என்பர். நாம் சன்னல் என்பதை ஜானாலா என்பர். நாம் அலமாரி என்பதை ஆல்மாரி என்பர். இம்மூன்றும் போர்த்துகீசிய மொழியிலிருந்து இரு கடற்கரைகளிலும் தனித்தனியே இறங்கியவை. இங்கு புதிதாக வந்த தமிழ்ப் பெண்மணி, வங்க மொழியில் ஒரு சொல்லும் அறியாத நிலையிலும், அண்டை வீட்டாரிடம் சாவியைக் கேட்டு வாங்கிவிடலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆர்மீனியர் தெரு. கடைகளுக்கு இடையே மறைந்திருக்கும் சிறு வாயிலினுள் நுழைந்தால், வெளியிலுள்ள இரைச்சல் அனைத்தும் அடங்கிய முற்றம் தோன்றுகின்றது. 1724-ஆம் ஆண்டில் ஆகா நசர் என்பவரால் கட்டப்பெற்ற புனித நாசரேத் தேவாலயம் இது. இந்நகரின் தேவாலயங்களுள் மிகப் பழமையானது. முற்றம் முழுதும் கல்லறைக் கற்களே தளமாகப் பரவியுள்ளன. சூக்கியாஸ் என்பவரின் மனைவி ரெசாபீபியின் கல் ஒன்று 1630-ஆம் ஆண்டினது என்பர். அவ்வாறாயின் சார்னாக் வருவதற்கு அறுபது ஆண்டு முன்னரே ஆர்மீனியர் இங்கு இருந்தனராவர். அவ்வாண்டைக் குறித்து ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் மாஸ்டர் மொஷாய் மறவாமல் கூறினார். அறிந்ததையும் ஐயத்திற்குரியதையும் பிரித்துச் சொல்பவரே நல்ல வழிகாட்டியாவார்.

ஆர்மீனியர் நமக்கும் பழையோரே. சென்னையில் அவர்கள் பெயரால் அமைந்த தெருவைத்தான் நம் மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்று மருவ வழங்கினர். அங்கே அரண்மனையும் இல்லை, அதற்கு உரியவனும் இல்லை. உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான அஸ்தரார் 1794-இல் அச்சேறியது சென்னைப் பட்டணத்திலேதான். சென்னையிலும் கல்கத்தாவிலும் அச்சமூகம் அருகிவிட்டது. ஆயினும் 1821-இல் அவர்கள் நிறுவிய கல்லூரி இங்கு இன்றும் நிலவி, தொலைநாட்டு ஆர்மீனியச் சிறுவரை வரவழைத்துக் கற்பிக்கின்றது. எண்ணிக்கை குறைந்தபின்னும் ஒரு சமூகத்தைத் தாங்கி நிற்பது அது நிறுவிய பள்ளியே என்பது கருதற்பாலது.

படித்துறையும் கோட்டையும்

தெருவின் மேற்குமுனை ஆற்றங்கரையில் முடிகின்றது. அங்கே ஆர்மீனியர் படித்துறை உள்ளது. இரயில்வே ஊழியர் ஒவ்வொருவரும் வணங்க வேண்டிய இடம் அது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கிழக்கிந்திய இரயில்வேயின் முதல் பயணிகள் வண்டி ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 24 மைல் ஓடிற்று. அந்நாளில் ஆற்றின்மீது பாலம் இல்லை. கல்கத்தாவாசிகள் இப்படித்துறையில் டிக்கெட் வாங்கி, படகேறி அக்கரை சென்று வண்டியைப் பிடித்தனர். மிதவைப் பாலம் 1874-இலும், இன்று நாம் காணும் எஃகுப் பாலம் 1943-இலும் வந்தன. மதராஸ் மெயிலுக்காகக் குழந்தைகளும் ஊறுகாய் ஜாடியுமாக அப்பாலத்தைக் கடக்கும் நாம், ஒரு டிக்கெட்டிற்குள் படகுக்கூலியும் அடங்கியிருந்த அக்காலத்தை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

ஸ்டிராண்டு சாலை வழியே தெற்கே நடந்தால் பேர்லி பிளேஸ். கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கே உள்ளது. இக்கட்டிடங்களின் அடியில் துயில்வது பழைய வில்லியம் கோட்டை. 1696-இல் கட்டத் தொடங்கி, 1700-இல் மன்னர் மூன்றாம் வில்லியத்தின் பெயர் சூட்டப்பட்டது அது. 1756-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நவாப் சிராஜ் உத்தௌலா அதனைக் கைப்பற்றினார். பிளாசிப் போருக்குப் பின் கம்பெனியார் கோவிந்தபூர்க் கிராமத்தை அகற்றி அங்கே புதுக்கோட்டை எழுப்பினர். பழையது இடிந்து மறைந்தது. அது நின்ற இடம் எது என்பதே மக்கள் நினைவிலிருந்து நழுவிற்று. 1883-இல் கிழக்கிந்திய இரயில்வே தன் அலுவலகத்திற்கு அடித்தளம் தோண்டியபோது, அதன் பொறியாளர் ராஸ்கெல் பெய்ன் பூமிக்கடியில் தடித்த மதில்களைக் கண்டு, அளந்து, பழைய கோட்டையின் அமைப்பை வரைந்து காட்டினார். பக்கத்திலுள்ள பெரிய தபால் நிலையம் 1868-இல் அக்கோட்டையின் ஒரு பகுதியின்மீது எழுந்ததே. கர்சன் பிரபு காலத்தில் பதிக்கப்பட்ட பித்தளைக் கோடு, மதில் சென்ற வழியை அதன் படிகளில் இன்றும் காட்டுகின்றது. மணியார்டர் அனுப்பச் செல்வோர் பலர் அக்கோட்டை மிதித்துக்கொண்டே செல்கின்றனர்.

பல்லாவரத்துக் கல்

தபால் நிலையத்திற்குத் தெற்கே, புனித ஜான் தேவாலயத்தில் எம் நடை முடிவுற்றது. ராஜா நவகிருஷ்ண தேவ் அளித்த நிலத்தில், பாழடைந்த கௌட நகரத்திலிருந்து கொணர்ந்த கற்களையும் கொண்டு எழுப்பப்பெற்று, 1787-இல் அர்ப்பணிக்கப்பட்டது அது. கல்லால் ஆயது என்பதால் வங்காளியர் அதனைப் பாதுரே கிர்ஜா என்பர். வண்டலும் சேறுமன்றிக் கல் கிடையாத நாட்டில் கல்லாலாகிய கட்டிடம் அத்துணை வியப்புக்குரியதாயிற்று.

அதன் வளாகத்தில் எண்கோண மண்டபம் ஒன்றினுள் ஜாப் சார்னாக் துயில்கின்றார். 1693-இல் அவர் இறந்தபின், அவர் மருமகன் சார்லஸ் அயர் அதனை எழுப்பினார். அவர்தம் சமாதியின்மேல் கரிய கல்லொன்று கிடக்கின்றது. வங்கத்தில் கிடைக்காத இக்கல் எங்கிருந்து வந்தது என்னும் வினா நெடுநாள் இருந்தது. நிலவியல் துறையைச் சேர்ந்த ஹாலந்து என்பவர் 1893-இல் அதனை ஆராய்ந்து, சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கல்லே அது என்று காட்டினார். அதுவரை தனிப்பெயர் இல்லாதிருந்த அப்பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று அவரே பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர் அப்பெயரையே பயில்கின்றனர்.

பீச்சிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார வண்டியில் நாம் எத்துணை முறை பல்லாவரம் நிலையத்தைக் கடந்திருக்கின்றோம்! அக்குன்றின் ஒரு துண்டு, தமிழ்க் கல்தச்சரின் உளிபட்டு, கப்பலேறி, முந்நூறு ஆண்டுகட்கும் மேலாகக் கல்கத்தாவின் நடுவே கிடக்கின்றது. நம்முள் எவருடைய பாட்டனும் வருவதற்கு முன்னரே தமிழ்மண் இங்கு வந்துவிட்டது. நம் குடியிருப்புச் சிறுவர்கள் அக்கல்லை ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுப் பார்த்தனர். யூதர் கூடத்தில் கேள்வி கேட்ட சிறுமியும் அவருள் ஒருத்தி.

நாம் செய்யத்தக்கது

அச்சிறுமியின் வினாவுக்கு இந்நடையே ஒருவாறு விடை தருகின்றது. சீனரைப் பிரித்தெடுத்து இரயிலேற்றியபோது அவர்களுக்காகப் பேசியோர் மிகச் சிலர். யூதர் பிரிந்து சென்றபின்னும் அவர்தம் விளக்கை அயலார் அணையாது காக்கின்றனர். இவ்விரண்டிற்கும் காரணங்கள் பல உண்டு. ஆயினும் ஒன்று நம் கையில் உள்ளது. அயலாரை அறிந்தும், அயலார் நம்மை அறியுமாறும் வாழ்தலே அது. நம் பிள்ளைகளுள் பலர் படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் செல்கின்றனர். அவர்களைத் தடுத்தல் ஆகாது; தடுக்கவும் வேண்டா. நாம் இங்கு வாழ்ந்தோம் என்பதற்குரிய பதிவை மட்டும் நாம் விட்டுச் செல்ல வேண்டும்.

அதன்பொருட்டு நம் சங்கத்தார் முன் மூன்று யோசனைகளை வைக்கின்றேன். ஒன்று, நம் முதியோர் எந்த ஆண்டில் வந்தனர், எந்த மெஸ்ஸில் உண்டனர், எந்தச் சந்தில் முதன்முதலில் குடியிருந்தனர் என்பவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். பழைய ஊழியர் பதிவேடு ஒன்று தொலைந்தால் ஓய்வூதியத்திற்கு எத்துணை அலைச்சல் என்பதை அலுவலகத்தில் இருப்போர் அறிவர். ஒரு சமூகத்தின் பதிவேடு தொலைந்தால் அதனைத் திரும்பப் பெற வழியே இல்லை. இரண்டு, 210-ஆம் எண் வாயிலுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சிறுவரை அழைத்துச் சென்று இராமன் வரலாற்றைக் கூறுதல் வேண்டும். மூன்று, குளிர்காலத்து ஞாயிறுகளில் ஒன்றை இத்தகைய நடைக்கென ஒதுக்கி, அதற்கு நம் வங்க அண்டை வீட்டாரையும் அழைத்தல் வேண்டும். நமக்கு அவர்கள் வழிகாட்டட்டும். பல்லாவரத்துக் கல்லருகே நாம் அவர்களுக்கு வழிகாட்டுவோம்.

வடகல்கத்தாவில் களிமண்ணைத் தெய்வமாக்கும் குமார்துலிச் சந்துகளுக்கு எங்களை அழைத்துச் செல்வதாக மாஸ்டர் மொஷாய் வாக்களித்துள்ளார். வர விரும்பும் குடும்பத்தினர் சங்க அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். தேய்ந்த செருப்பும், குடிக்க நீரும், கேட்கும் செவியும் இருந்தால் போதும்.